புத்தகத்தின் பாதி விலை

மிர்லான் எனக்குத் தர வேண்டியது ஆயிரத்து நூற்றைம்பது சோம். ஜாவா புத்தகத்தின் பாதி விலை. முதலில் அதை வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா.

தோர்தோய் சந்தையில் நான் மூட்டை இறக்குபவன். மலையில் ஆடுகளோடு வளர்ந்தவன்; இருபத்தாறு வயதில்தான் எழுத்துக் கூட்டினேன். இப்போது முதுகு போய்விட்டது. உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமென்று, அறையில் கூட இருந்த மிர்லானைப் பார்த்து நானும் நிரல் எழுதப் பழகினேன்.

ஜாவா மொழியை யார் வேண்டுமானாலும் சொல்லித்தந்துவிடுகிறார்கள். அதோடு வரும் ஆயத்த வகுப்புகளை, அதாவது முன்பே எழுதிவைத்த நிரல் துண்டுகளை, சொல்லித்தரத்தான் ஆளில்லை. தேதி கணக்கிட எது, கோப்பு திறக்க எது? ஆயிரம் கன்டெய்னர் நிற்கும் சந்தையில் ஒன்றிலும் பெயர்ப்பலகை இல்லையென்றால் எப்படிச் சரக்கெடுப்பது? இலவச வீடியோக்கள் திரையில் 'வணக்கம்' அச்சிடுவதோடு நின்றுவிடும். அதிகாரபூர்வப் பக்கமோ ஆங்கிலத்தில், வெறும் பெயர்களாக நீளும். இணைய மன்றத்தில் கேட்டால், "முதல்ல தேடிப் பாத்துட்டு வா" என்பார்கள். தேடிக் கிடைக்காமல்தானே அங்கே போனேன். இரண்டு குளிர்காலம் இப்படியே போயிற்று.

கடைசியில் பழைய புத்தகக் கடையில் அது கிடைத்தது. ரஷ்ய மொழியில், ஒவ்வொரு வகுப்புக்கும் ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன உதாரணத்தோடு. முழுப் பணமும் நான் கொடுத்தேன். படித்தது மிர்லான்.

"அண்ணே, நீங்க ஒரு பக்கம் எழுத்துக் கூட்டி முடிக்கிறதுக்குள்ள ஜாவாவையே மாத்திருவாங்க."

"எனக்கும் சனிக்கிழமை பரீட்சை இருக்குடா."

"உங்களுக்கு எதுக்குண்ணே? மூட்டை தூக்க ஜாவா கேக்குதாக்கும்? நான் வேலைல சேந்ததும் பாதிப் பணத்தத் தந்துர்றேன். அப்புறம் புக்கையும் நீங்களே வச்சுக்கங்க."

அதைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவான். சனிக்கிழமை எங்கள் இருவருக்கும் பரீட்சை வைத்த நிறுவனத்தில் இருந்தது ஒரே வேலையிடம்.

வெள்ளிக்கிழமை விடியுமுன், வேலைக்குக் கிளம்பும்போது அடுப்பில் நிலக்கரி போட்டேன். நீலச் சுவாலை அடங்குமுன் புகைக்குழாயின் தகட்டை மூடினால் விஷக்காற்று அறைக்குள்ளேயே தங்கிவிடும் என்பது எங்கள் குழந்தைகளுக்கும் தெரியும். மிர்லானுக்குக் குளிர் ஆகாது. மூடினேன். தலைவலி வந்து ஒரு நாள் படிக்காமல் கிடந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். புத்தகத்தை மெதுவாக உருவினேன், அவன் விழிக்கவில்லை. கதவிடுக்கில் காற்று வந்தது. அதில் என் பழைய கோட்டைத் திணித்துவிட்டுப் போனேன்.

அன்று சரக்கு வரத் தாமதம். கன்டெய்னர் ஓரமாக உட்கார்ந்து படித்தேன். பட்டியல் வகுப்பு எப்படி வேலை செய்கிறது என்று முதன்முறையாக விளங்கியது. அறையை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரம்மா தொலைபேசியில் அழுதபோது ஓர் உதாரணத்தின் நடுவில் இருந்தேன். அதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். நல்ல உதாரணம், ஐயா.

சனிக்கிழமை பரீட்சையில் புத்தகத்தில் இருந்ததையே கேட்டார்கள்.

பணத்துக்காகச் செய்தேன் என்கிறீர்கள். அது தப்பு. அடக்கத்தின்போது அவன் அண்ணன் எங்கள் வழக்கப்படி எழுந்து நின்று கேட்டான்: "என் தம்பி யாருக்காச்சும் கடன் வச்சிருக்கானா? சொல்லுங்க, நான் தர்றேன்."

நான் கை தூக்கினேன். "ஆயிரத்து நூத்தைம்பது சோம். விட்டுட்டேன், தம்பி."

அவன் என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். பெரியவர்கள் தலையசைத்தார்கள்.

ஆகவே எங்களுக்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. அவன் எனக்குத் தர வேண்டியது ஒன்றுமில்லை. நான் அவனுக்குத் தர வேண்டியதும் எதுவும் இருந்ததில்லை.