ஞாயித்துக்கிழம கூவாத பறவை

...தெருவுல நிக்கிற அந்த நாலு பேரப் பாருங்க தம்பி. கழுத்துல பைனாகுலர், தோள்ல கேமரா, கையில மைக்கு. எதுத்த வீட்டுக்காரர் வெளிய வந்து, யாரு செத்துட்டாங்கன்னு கேட்டுட்டுப் போறாரு. மானம் போகுது. நீங்க குடிவந்து ஒரு மாசம்கூட ஆகல, இந்தத் தெருவப் பத்தி என்ன நெனைப்பீங்க? கையில என்னது, எண்ணெய் டப்பாவா? அத அப்படிக் கீழ வைங்க, மொதல்ல நான் சொல்றதக் கேளுங்க.

ரிட்டயர் ஆனப்புறம் சும்மா இருக்க முடியல தம்பி. காலமெல்லாம் லிஃப்ட் மெக்கானிக்கா இருந்தவன். சத்தம் வந்தா போதும், எந்த மாடியில எந்த பேரிங்குன்னு கண்ண மூடிட்டுச் சொல்லுவேன். அந்தக் காத வச்சுக்கிட்டு வீட்டுல எவ்ளோ நேரந்தான் மிக்ஸி சத்தத்தயே கேக்கறது? சரி, பறவைங்க சத்தம் கத்துக்கலாம்னு போன்ல ஒரு குரூப்புல சேந்தேன். வாத்தியார் கெடையாது, பரீட்சை கெடையாது. நாம பதிவு பண்ணிப் போட்டா, அது என்ன பறவைன்னு தெரிஞ்சவங்க சொல்லுவாங்க. நல்ல ஜனங்கதான்... அந்த டீச்சரத் தவிர. அதோ, தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறாங்களே, அவங்கதான். ஒருதரம் மொட்டமாடியில முட்டி வலிக்க உக்காந்து ஒண்ணப் புடிச்சுப் போட்டேன். அந்தம்மா கீழ ஒரே வரி எழுதுனாங்க: "ஐயா, இது பூனைக்குட்டி." எம் பொண்டாட்டி இன்னிக்கு வரைக்கும் பால் காய்ச்சறப்பல்லாம், உங்க பறவைக்கும் கொஞ்சம் ஊத்தட்டுமாங்கறா.

அப்பறந்தான் நீங்க குடிவந்தீங்க. அன்னிக்கே ஒரு புதுக் குரல். கீ...ஈ...க்குனு ஒரு இழுப்பு, கடைசியில சின்னதா ஒரு துள்ளல். ராசியான ஆளு பக்கத்துல வந்திருக்காருன்னு வீட்டுல சொன்னேன். குரூப்புல போட்டேன். ஒருத்தருக்கும் தெரியல. டீச்சருக்கே தெரியல தம்பி, அதான் விஷயம். அப்பறம் அவங்களே, இது இந்தப் பக்கமே வராத பறவை, வழிதவறி வந்திருக்கு, ஆணு, ஜோடி தேடுதுன்னு பக்கம்பக்கமா எழுதுனாங்க. மழை பேஞ்ச மறுநா சுதி இன்னும் ஏறுச்சு. அதுக்கும் ஒரு காரணம் எழுதுனாங்க. என்னய பூனைக்காரர்னு கூப்ட்டவங்கல்லாம் 'குருவே'ங்கறாங்க. அட்மினா வேற ஆக்கிட்டாங்க.

காலையில கூவும். சாயங்காலம் ஆபீஸ் விடற நேரத்துக்குக் கூவும். ஞாயித்துக்கிழம மட்டும் வாயே தொறக்காது. அப்பவாவது எனக்கு உறைச்சிருக்கணும்... நேத்து நீங்க கேஸ் சிலிண்டரத் தூக்கிட்டு, தோளால உங்க வாசல் இரும்புக் கேட்டத் தள்ளுனீங்க பாருங்க, என் கையில இருந்த டீ அப்படியே ஆறிப்போச்சு. கீலு. உங்க கேட்டோட துருப்புடிச்ச கீலு. அதே சத்தம் லிஃப்ட்டுலேருந்து வந்திருந்தா சட்டுனு சொல்லியிருப்பேன். பறவையத் தேடுற காதுக்கு எல்லாமே பறவையாத்தான் கேக்குது, என்ன பண்றது.

இவங்கள யாரு வரச்சொன்னதா?

...நான்தான். போன வாரம், எல்லாரும் வாங்க, நேர்லயே கேக்க வைக்கிறேன்னு நெஞ்ச நிமித்தி எழுதிட்டேன். அவங்களுக்கு லீவு இன்னிக்கு, ஞாயித்துக்கிழமதான். உங்களுக்கும் லீவு, நீங்க கேட்டத் தொறக்கவே மாட்டீங்க. இப்பப் போயி அது கேட்டுன்னு சொன்னா, பூனையாவது பரவால்ல, அதுக்கு உசுரு இருந்துச்சும்பாங்க. அப்பறம் நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த குரூப்பத் தொறக்கறது? மறுபடியும் மிக்ஸிதான்.

அதனால ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவங்கள அந்த மரத்தடியில நிப்பாட்டிட்டு நான் ரெண்டுதரம் இருமுவேன். நீங்க உங்க இரும்புக் கேட்ட மெதுவா... ரொம்ப மெதுவா, சிலிண்டரத் தூக்கிட்டு வந்த மாதிரியே தள்ளுங்க. ஒரே ஒரு தள்ளு போதும். அங்க பாருங்க, டீச்சர் இப்பவே மைக்க நீட்டிக்கிட்டு எல்லாரையும் வாயப் பொத்தச் சொல்றாங்க. அந்தத் தெனாவெட்டப் பாத்தீங்களா? பாத்தீங்களா தம்பி?

தம்பி?

இங்கதான நின்னாரு... உள்ள டி.வி. சத்தம் கேக்குதே. கேட்டத் தொறந்துதான உள்ள போயிருக்கணும்? எனக்கு ஒண்ணும் கேக்கலியே. டப்பாவ மட்டும் வச்சிட்டுப் போயிருக்காரு...

காலி.

இதோ, வந்துட்டேன் டீச்சர். ஒரு நிமிஷம் லேட்டாயிடுச்சு, இப்பதான் பறந்து போச்சு. ஆமாமா, இந்தப் பக்கமாத்தான்.

...எண்ணெய் வாடையா? எனக்கு ஒண்ணும் அடிக்கலியே.