திருநீறு அழிந்த செடி

டென்மார்க்கின் ஹோர்சன்ஸில் பஸ் ஏறினேன். முன் இருக்கையில் நம் ஆட்கள் இருவர், கணவனும் மனைவியும். கணவர் மடியில் கம்பளிச் சால்வை சுற்றிய செடிச்சட்டி. பச்சை இலைகளில் வெள்ளைத் திட்டுகள்.

“இஞ்சருங்கோ, இதை இனி பாத்ரூமிலதான் வைக்கவேணும்” என்றார் மனைவி.

“கக்கூசுக்குப் பக்கத்திலயோ? மகள் கலியாணம் முடிச்சுப் போகேக்க தந்தது. திருநீறு பூசின மாதிரி இருக்கெண்டுதானே சாமியறையில வைச்சனான்.”

“வைச்சு என்ன கண்டனீங்கள்? அங்க வெளிச்சமும் இல்லை, சூடும் இல்லை. புது இலை மூண்டும் முழுப்பச்சை. திருநீறு அழிஞ்சு போச்சு. ஞாயிற்றுக்கிழமை அவள் வந்து முதல்ல இதைத்தான் பார்ப்பாள்.”

“அபிஷேகப் பாலும் ஊத்தினனான்…”

“அதாலதான் வேர் அழுகுதெண்டு இப்ப செடிக்கடைப் பிள்ளை சொன்னவள். பாத்ரூமில பெரிய யன்னல், நிலத்துக்கடியில ஹீட்டர் சூடு, குளிக்கிற ஆவி. இதுக்கேத்த சூடும் ஈரமுமான சுவாத்தியம் அங்கதான் இருக்கு.”

கணவர் ஒரு முழுப்பச்சை இலையை விரலால் தடவினார். நான் மனதுக்குள் ‘முருகா’ என்றேன்.

“சாமி என்னப்பா நினைக்கும்?”

“வெள்ளிக்கு வெள்ளி நீங்கள் அவரைக் குளிப்பாட்டுறீங்கள்தானே. குளிக்கிற இடத்தில அவருக்கு என்ன கோவம்?”

அவர் சிரித்துவிட்டார். சால்வையை இழுத்து இலைகளை நன்றாக மூடினார்.

“அப்ப வீட்டை போனவுடன நான் சுடுதண்ணியில குளிக்கிறன். பிறகு இதைக் கொண்டுவா. இது உள்ள போகேக்க பாத்ரூம் சூடா இருக்கட்டும்.”