டீசல் லாரியிடம் ஆழம் கேட்ட பிரிவிலிருந்து பெரியநாயகி அம்மையாருக்கு

போர்வெல் போடும் எங்கள் ரிக் கம்பெனியின் கணிப்பொறிப் பிரிவைத் தொடங்கிய நாள் முதல் தாங்கி நின்றவரே, கணக்கில் கறாரும் பேச்சில் கனிவும் கொண்ட பெரியநாயகி அம்மையார் அவர்களே, வணக்கம்.

எழுபதுகளில் சேலத்து நூற்பாலை ஒன்றில் கணிப்பொறித் துளையட்டைகளை அடுக்கத் தொடங்கியவர், இன்று சி பிளஸ் பிளஸ் நிரல்மொழி வரை வந்து ஓய்வு பெறுகிறீர்கள். உங்கள் பொறுமையையும் நேர்மையையும் எழுதச் சொன்னார்கள் நம் பிரிவினர். அவை உண்மை. ஆனால் எழுதும் பொறுப்பை என்னிடம் தந்துவிட்டார்கள். உங்கள் மேல் எனக்குள்ள பொறாமையை ஒதுக்கிவிட்டு எழுத எனக்குத் தெரியவில்லை.

மறைந்த என் கணவர் சென்னியப்பன் உங்கள் பக்கத்து மேசையில் நிரல் எழுதினார். எதிர் வரிசையில் நான் விவரங்களைப் பதிவு செய்தேன். வீட்டில் வாய் திறக்காதவர் உங்களிடம் ஓயாமல் பேசினார், சிரித்தார். அந்தச் சிரிப்பு என் மேசை வரை வரும், காரணம் வராது.

ஒரு நாள் மட்டும் முழுவதும் கேட்டேன். துளையிடும் ரிக்கும், உடன் டீசலும் பைப்பும் ஏற்றிச் செல்லும் லாரியும் சேர்ந்துதான் நம் ஊரில் ஒரு வண்டி. அவரும் தம் நிரலில் இரண்டையும் வண்டி என்றே வகுத்து, எல்லாவற்றையும் ரிக்காக வகைமாற்றி, ஒவ்வொன்றும் போர் போட்ட ஆழத்தைக் கேட்டுவிட்டார். லாரிக்கும் ஓர் ஆழம் அச்சாகி வந்தது. முதலாளி கண்ணுசாமி அதைப் பார்த்து, "ஏனுங்க, டீசல் லாரி எந்த ஊருலீங்க போர் ஓட்டுச்சு?" என்றார்.

"ரிக்கா மாத்தித்தானுங்க அக்கா கேட்டேன்" என்றார் இவர் உங்களிடம்.

நீங்கள் சொன்னீர்கள்: "நீ எங்க சாமி மாத்துன? லாரி லாரியாத்தான் நிக்குது. ரிக்குன்னு நீ சொன்னே, கம்ப்யூட்டரு நம்பிக்கிச்சு. அங்க கெடந்த குப்பையை ஆழம்னு எடுத்துக் குடுத்துருச்சு."

"அப்ப எல்லாத்தையும் எழுத்தா மாத்திப்புடறனுங்க. வம்பே இல்ல."

"எழுத்தா எதை வேணுமின்னாலும் மாத்தலாம், அச்சுல அழகாவும் வரும். ஆனா அது புதுசா எழுதுன ஒரு வரிதான், ரிக்கு இல்ல. அந்த வரிகிட்டப் போயி போர் ஓட்டுன்னா ஓட்டுமா?"

அன்று நீங்கள் சொன்னபடியே திருத்தினார். ஒவ்வொரு வண்டியிடமும் அது எந்த இனம் என்று முதலில் கேட்டு, ரிக்கை மட்டும் ரிக்காக நடத்தினார். எழுத்தாக்கத்தை அச்சுக்கு மட்டும் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்து இதில் ஒரு சொல்லும் சொல்லவில்லை.

இந்தப் பங்குனியில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனது. அதன் பிறகு நீங்கள் அவர் பேச்சை ஒவ்வொன்றாக எனக்குத் தந்து வருகிறீர்கள். போன வாரம் சாப்பாட்டு வேளையில் ஒன்று சொன்னீர்கள். இதையெல்லாம் வசந்தாமணியிடம், அதாவது என்னிடம், சொல்வதுண்டா என்று அவரை ஒருமுறை கேட்டீர்களாம்.

"அவகிட்டச் சொன்னா எங்க தப்புன்னு உடனே கண்டுபுடிச்சுருவாளுங்க அக்கா. உங்ககிட்டச் சரி பார்த்துக்கிட்டு அப்புறம் சொல்லலாம்னு இருக்கறேன்" என்றாராம்.

என்னைப் பற்றி அவர் சொன்ன நல்ல சொல்லும் உங்களிடம்தான் இருந்திருக்கிறது, அம்மா. பொறாமை குறைந்ததா என்றால் இல்லை, கூடிவிட்டது.

நாளை மகன் வீட்டுக்கு ஆத்தூர் போகிறீர்கள். பேருந்தில் வந்துவிடும் தூரம்தான், வருவேன். நீங்கள் நோயின்றி, நினைவு மங்காமல், நெடுங்காலம் இருக்க வேண்டும். மற்றவர்கள் இதை உங்களுக்காக வேண்டுகிறார்கள். நான் எனக்காக வேண்டுகிறேன். அவர் பேசியதில் நான் கேளாதது இன்னும் எவ்வளவோ உங்களிடம் இருக்கிறது.

அன்புடன்,
கணிப்பொறிப் பிரிவுப் பணியாளர்கள்
திருச்செங்கோடு, 1989