கோணலாக இழுத்த இரும்புக் கை

மேடையில் வீற்றிருக்கும் நிர்வாகத் தலைவர் அவர்களே, தொழிற்சங்கச் செயலாளர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும் அக்காவின் கணவர் அவர்களே, அவர்களின் அருமை மகளே, எண்ணெய்க் கையைத் துடைத்தும் துடைக்காமலும் ஓடி வந்திருக்கும் தொழிலாளத் தோழர்களே, வணக்கம்!

உற்பத்தி மேலாளராகிய நான், ஆய்வுக்கூடத் தலைவி 'சோதனை அக்கா'வோடு பத்தொன்பது ஆண்டுகள் மல்லுக்கு நின்றவன். அவரைவிட மூன்று வயது மூத்தவன். இருந்தும் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். வேறு எப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்த்தால்தானே!

நாம் செய்வது என்ன? மருத்துவமனைக் கட்டில். அதன் பக்கத் தடுப்பை நிறுத்திப் பிடிப்பது உள்ளங்கை அளவு லாக். அது உடைந்தால் தடுப்பு சாயும், நோயாளி விழுவார். முன்பெல்லாம் அந்த லாக்கை எப்படிச் சோதித்தோம்? இரண்டு பேர் உட்கார்ந்து தடுப்பை ஏற்றி இறக்கி, சுவரில் சாக்பீஸால் கோடு போடுவார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கோடு மட்டும்தான் ஏறும், தடுப்பு ஏறாது! சிரிக்காதீர்கள், அந்த இருவரும் இங்கேதான் இருக்கிறார்கள்.

அதற்கு முடிவு கட்டியவர் யார்? நம் அக்கா! மோட்டார், இரும்புக் கை, எண்ணிக்கை காட்டும் மீட்டர் என்று சேர்த்து, தானே ஓடும் சோதனை இயந்திரத்தைக் கட்டினார். ஒரு லட்சம் முறை ஏற்றி இறக்கியும் லாக் அசையவில்லை. நான் மார்தட்டிக்கொண்டேன்.

எட்டே மாதத்தில் நான்கு லாக்குகள் உடைந்து திரும்பி வந்தன. "முரட்டுத்தனமா இழுத்திருப்பாங்க," என்றேன் நான். அக்கா நேராக மருத்துவமனைக்குப் போய் வார்டில் மூன்று நாள் நின்றார். ஒரு நர்ஸ் ஒரு கையில் மருந்துத் தட்டோடு, மறு கையால் தடுப்பைப் பக்கவாட்டில் இழுக்கிறார். இன்னொருவர் முழங்காலால் முட்டி ஏற்றுகிறார். திரும்பி வந்து அக்கா சொன்னார்: "தப்பு என்னோடதுதான் சார். என் மிஷின் ரொம்ப ஒழுங்கா இழுக்குது. மனுஷங்க யாரும் அப்படி இழுக்கிறதில்ல."

மறுநாளே இரும்புக் கையை வளைத்துவிட்டார். அது வெட்டி வெட்டி, கோணல்மாணலாக இழுத்தது. தொழிற்சாலையே சிரித்தது. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்!" என்று நானும் குத்திக் காட்டினேன்.

"கூடம் கோணல்தான் சார். அதுலதான் அந்த நர்ஸம்மா தினமும் ஆடுறாங்க," என்றார்.

பதினோராயிரத்து இருநூறாவது இழுப்பில் லாக் உடைந்தது! அப்போது நானூறு கட்டில்கள் லாரியில் ஏறிக்கொண்டிருந்தன. "என் வயித்துல அடிக்கிறீங்களே!" என்று கத்தினேன். உடைந்த துண்டை என் கையில் வைத்து, "இந்தக் கட்டில்ல உங்க அம்மாவைப் படுக்க வைப்பீங்களா?" என்று கேட்டார். நானூறையும் இறக்கினேன். ஆனால் நல்ல மனதோடு இறக்கினேனா? இல்லை! ஒரு மாதம் அவரோடு பேசவில்லை. இன்று இத்தனை பேர் முன்னால் சொல்கிறேன்: அவர் செய்தது சரி, நான் செய்தது தப்பு.

அதன் பிறகு புது லாக்கை வடிவமைத்தார் அக்கா. கோணல் இழுப்பிலேயே மூன்று லட்சம் தாங்க வேண்டும் என்று இலக்கு வைத்தார். சோதனை ஓட்டம் தொடங்கிய வாரமே நோயில் விழுந்தார். படுத்தது நம் கட்டில் ஒன்றில்தான். தினமும் காலையில் மகளிடமிருந்து எனக்குப் போன் வரும். "மாமா, மீட்டர் எவ்வளவு காட்டுதுன்னு அம்மா கேக்குறாங்க." போன வியாழக்கிழமை, இரண்டு லட்சத்து அறுபதாயிரம் என்றேன். வெள்ளிக்கிழமை அந்தப் போன் வரவில்லை.

தோழர்களே, இன்று காலை பத்தேகாலுக்கு மீட்டர் மூன்று லட்சத்தைத் தாண்டியது! லாக்கில் ஒரு கீறல்கூட இல்லை! நாளை அந்த நானூறு கட்டில்களும் புது லாக்கோடு புறப்படுகின்றன. இனி அந்தக் கோணல் கையிடம் தேறாத எதுவும் என் கையெழுத்தோடு வாசல் தாண்டாது. யார் அவசரப்படுத்தினாலும் சரி, நானே அவசரப்படுத்தினாலும் சரி!

இப்போது எழுந்து நின்று மௌனம் காக்கச் சொல்லியிருக்கிறார்கள். இயந்திரம் நின்று ஆய்வுக்கூடம் மௌனமானால், ஏதோ உடைந்துவிட்டது என்று சாப்பாட்டைப் போட்டுவிட்டு ஓடி வருவார் அக்கா. இன்று எதுவும் உடையவில்லை. எழுந்து நில்லுங்கள்! கூரை அதிரக் கை தட்டுங்கள்!

அக்கா, உங்க லாக் தாங்கிடுச்சு!