அண்ணி கேட்ட எலுமிச்சை சீரம்

முகத்தில் பூசும் சீரத்தை பிரிட்ஜில் வையுங்கள் என்றுதான் எல்லோரிடமும் முதலில் சொல்வேன். வைட்டமின் சி வெளிச்சத்திலும் சூட்டிலும் கெட்டுப்போகும். பழுப்பாகிவிட்டால் தூக்கிப் போட்டுவிட வேண்டும். யாரும் காதில் வாங்குவதில்லை. குளியலறை ஜன்னலில் வெயில் பட வைத்துவிட்டு, முகம் வெளுக்கவில்லை என்று என்னிடமே வந்து நிற்பார்கள்.

கமுந்திங்கில் ஓர் அழகுசாதனத் தொழிற்சாலையின் சோதனைக்கூடத்தில் பதினான்கு வருஷம் இருந்தேன், இன்ஸ்பெக்டர் மேடம். அதை மூடிய பிறகு ஈப்போவில் வீட்டிலேயே சீரம் செய்து விற்கிறேன். நான் போடும் வைட்டமின் சி வெள்ளைத் தூள். சோளத்திலிருந்து சர்க்கரை எடுத்து, அதிலிருந்து தயாரிப்பது. பழத்தில் இருப்பதும் இதுவும் ஒன்றுதான். இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். "அப்ப கெமிக்கல் லா," என்பார்கள். பிறகு புட்டியில் ஆரஞ்சுப் படம் ஒட்டிய எவனிடமோ போய் வாங்குவார்கள்.

அண்ணன் மனைவி சரளா அதையும் செய்யவில்லை. எந்த விசேஷத்துக்குப் போனாலும் அவருக்கு என் சீரம்தான் வேடிக்கை. போன தீபாவளிக்கு ஒரு சொட்டை விரலில் விட்டு முகர்ந்து பார்த்தார். "எலுமிச்ச வாசமே இல்லையே. நவமணி நம்மள பச்சத்தண்ணிய தேய்க்கச் சொல்றா," என்றார். அண்ணன் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

கோயில் திருவிழாவுக்கு ஒரு வாரம் முன்பு அண்ணியே போன் செய்தார். சுங்காய் பக்கம் எங்கள் பழைய தோட்டத்து மாரியம்மன் கோயிலில் அவரும் மகள் தினேஸ்வரியும் பால்குடம் எடுப்பதாக வேண்டுதல். "சாமிக்கு எடுக்கறப்ப கெமிக்கல் வேணாம். அசல் எலுமிச்சையில செஞ்சு குடு," என்றார். சரி அண்ணி என்றேன்.

எலுமிச்சைத் தோலை நசுக்கினால் எண்ணெய் வரும். அது ஊறிய மனுஷத் தோலில் வெயில் பட்டால் வெந்துவிடும். அன்றைக்கு ஒன்றும் பெரிதாகத் தெரியாது. இரண்டாம் நாள் கொப்புளம், அது அடங்கினால் கருந்தழும்பு, மாதக்கணக்கில் போகாது. தொழிற்சாலையில், தோலை வேகவைக்கும் அந்தப் பொருளை நீக்கிய எண்ணெயைத்தான் வாங்குவோம். நான் எதையும் நீக்கவில்லை. இருபத்தைந்து பழத்தின் தோலைப் போட்டேன். வீடு முழுக்க நல்ல வாசம்.

பால்குட ஊர்வலம் ஆற்றங்கரையிலிருந்து பத்து மணிக்குக் கிளம்பினால் கோயிலுக்குப் போய்ச் சேர மதியம் ஆகும். ரப்பர் மரங்களை வெட்டிவிட்டு, எண்ணெய் எடுக்கும் செம்பனைக் கன்று நட்டிருக்கிறார்கள். வழியில் ஒதுங்க நிழல் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

ஆனால் அவர் கேட்டதைத்தான் கொடுத்தேன், மேடம். வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். தொழில் விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.

தினேஸ்வரியைப் பற்றிக் கேட்கிறீர்கள். பத்தொன்பது வயது. அந்தக் குடும்பத்தில் நான் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்பவள் அவள் ஒருத்திதான். நான் கொடுத்த புட்டியை பிரிட்ஜில் வைத்து, திறந்த தேதியை அதன்மேல் எழுதி வைப்பாள். அவளுக்கு முகத்தோடு கழுத்தும் தோளும் வெந்திருப்பதாக அண்ணன் சொன்னார்.

திருவிழா அன்று காலை அவள் எனக்கு வாட்சப் அனுப்பினாள். உங்கள் கையில் இருக்கும் என் போனிலேயே பார்க்கலாம். "அத்தே, அம்மா போட்டுட்டாங்க. எனக்கும் போடச் சொல்றாங்க. இத போட்டுட்டு வெயில்ல போலாமா?"

அவர்கள் புறப்பட இன்னும் அரை மணி நேரம் இருந்தது. "போலாம்மா," என்று எழுதினேன். "கழுத்துக்கும் போட்டுக்கோ."

வேண்டாம் என்று சொல்லியிருந்தால் அவள் ஓடிப்போய் அம்மாவின் முகத்தையும் கழுவிவிட்டிருப்பாள்.