கல்லறைக்கு ஒரு வரி

பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் அக்காவும் தங்கையும்.

“அப்பாக்க கல்லறையில உயர்வு நவிற்சி அணி வேண்டாம்,” என்றாள் அக்கா. தமிழாசிரியையாக இருக்க வேண்டும்.

“அப்படீண்ணா?”

“உள்ளதைவிடக் கூட்டிச் சொல்லுகது. ‘அன்பான கணவர்’ண்ணு சபையில எழுதித் தந்தாவல்லா, அதாக்கும். அம்மை வாங்கின அடி உனக்கு ஓர்மை இல்லியா?”

“எல்லாக் கல்லறையிலயும் அப்படித்தானே இருக்கு?”

“அதுக்காக நாமளும் எழுதணுமா?”

“அப்போ ‘அன்பான தகப்பன்’ண்ணு போடலாமா?”

“உனக்கு அது தன்மை நவிற்சி. உள்ளதை உள்ளபடி சொல்லுகது.”

“உனக்கோ அக்கா?”

உதியன்குளங்கரையில் பஸ் நின்றது. அக்கா பையைத் தோளில் மாட்டினாள்.

“கல்லு வெட்டுகவரு காத்திட்டிருப்பாரு. பேரு மட்டும் போதும். இறங்கு மக்கா.”