நாலாவது பாட்டுக்கும் ஐந்தாவது பாட்டுக்கும் நடுவே

போனை அங்கே வைக்காதீர்கள், மாதவி. மின்விசிறிக்கு நேர் கீழே வைத்தால் என் பேச்சைவிடக் காற்றுதான் அதிகம் பதிவாகும். இந்தத் துண்டை நாலாக மடித்து அதன்மேல் வையுங்கள், மேசையின் அதிர்வு ஏறாது. ஜன்னலுக்கு வெளியே மோனோரயில் போகும்போதெல்லாம் நான் நிறுத்திக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பதிவு என்று ஒன்றைச் செய்தால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

நீங்கள் கிள்ளானிலிருந்து இவ்வளவு தூரம் வந்தது ஒரே ஒரு கேள்விக்காக. உங்கள் அப்பா சபாபதி என்னை நம்பிக் கொடுத்த கேசட்டில் உங்கள் அம்மாவின் குரல் இருந்தது. அதை நான் என்ன செய்தேன்? சொல்கிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் வரிசையாகத்தான் சொல்வேன். நடுவில் அழுதால் நிறுத்திவிடுவேன். அழுகை மைக்கில் ரொம்பப் பெரிதாகக் கேட்கும்.

என் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். பழைய ராக் கச்சேரிப் பதிவுகளைத் தேடிப் பிடிப்பேன். அழுக்கு நீக்கி, மனிதர்கள் கேட்கும்படி ஆக்குவேன். எண்பதுகளில் நம் பையன்கள் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு சீனர் சங்க மண்டபங்களிலும் பள்ளித் திடல்களிலும் ஆடியதை அன்று யாரும் சீந்தவில்லை. வீட்டில் திட்டினார்கள், கோயிலில் முகம் சுளித்தார்கள். இன்றைக்கு அதற்கெல்லாம் சாட்சி வேண்டுமென்றால் பிரிக்பீல்ட்ஸில் இந்தச் சின்ன அறைக்குத்தான் வர வேண்டும். பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்காகச் சொன்னாலும் தப்பில்லை.

அந்தக் காலக் குழுக்களிலேயே பெரியது ‘தண்டவாளம்’. ரயில்வே குவார்ட்டர்ஸ் பையன்கள் நாலு பேர். பாடியதும் கிட்டார் வாசித்ததும் லோகன். 1987இல் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் அவர்களுடைய ஒரே பெரிய கச்சேரி நடந்தது. எழுநூறு பேர். அன்று நானும் அங்கே இருந்தேன், வேலையாக. இருபத்திரண்டு வயது. எனக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை அது. இரண்டு மாதம் கழித்து லோகனின் மோட்டார் சைக்கிள் ஒரு லோரியில் மோதியது. அத்தோடு எல்லாம் முடிந்தது. அந்தக் கச்சேரியை யாருமே பதிவு செய்யவில்லை என்று முப்பத்தாறு வருஷம் நம்பிக்கொண்டிருந்தோம்.

அப்புறம் ஒரு நாள் உங்கள் அப்பா ஒரு மைலோ டின்னை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இந்தப் படியேறி வந்தார். இதே நாற்காலியில்தான் உட்கார்ந்தார். டின்னுக்குள் பிளாஸ்டிக் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் கேசட்.

“மூணாவது வரிசைல உக்காந்து ரெக்கார்டர ஜோல்னாப் பைக்குள்ள வச்சு எடுத்தேன் தம்பி. கலா பக்கத்துல. அப்ப ஏழு மாசம். நாலாவது பாட்டு முடிஞ்சதும் அவ பேசுவா. ஏதோ திட்டுவா, அப்புறம் சிரிப்பா. என்ன சொன்னான்னு எனக்கே மறந்துபோச்சு. பாட்டு எப்படியோ போவட்டும் லா. அவ பேசுறத மட்டும் நல்லாக் கேக்குற மாதிரி எடுத்துக் குடுங்க. எம் பொண்ணு ஒருதரம் கேக்கணும்.”

நீங்கள் பிறந்த பதினோராவது நாள் உங்கள் அம்மா சந்திரகலா போய்விட்டதை அவர்தான் சொன்னார். வருஷா வருஷம் திதிக்குப் படையல் போடும்போது படத்துக்குப் பக்கத்தில் இந்த டின்னை வைத்துத் தீபம் காட்டுவாராம். போட்டுக் கேட்டதில்லை. நாடா அறுந்துவிடுமோ என்று பயம். உங்களுக்கு நினைவு தெரிந்து அது ஒருமுறைகூட ஓடியதில்லை.

எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? எரிச்சல். லோகன் உயிரோடு பாடியதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே சாட்சியை மைலோ டின்னில் போட்டுக் கும்பிட்டுக்கொண்டிருந்த மனிதர், பாட்டு எப்படியோ போகட்டும் என்கிறார். நான் சிரித்தேன். “கவலப்படாதீங்கண்ணே, நான் பாத்துக்கிறேன்” என்றேன். காப்பி வாங்கிக் கொடுத்தேன்.

நாடாவில் பூஞ்சை இருந்தது. நம் ஊர் ஈரத்துக்கு எந்த கேசட்டில்தான் இல்லை? பஞ்சால் துடைத்தால் போகிற பூஞ்சை. ஒரே ஓட்டத்தில் முழுவதையும் கணினியில் ஏற்றிவிட்டேன். அதற்குப் பிறகுதான் பாடு. ட்ரம்மும் பேஸும் சுவர் மாதிரி நின்றன. லோகனின் குரல் எங்கேயோ அடியில் முனகியது. அது அந்த மலிவு மைக்கின் குற்றம், அதுவும் பைக்குள் இருந்த மைக். அந்தக் குரலை மேலே கொண்டுவர எனக்கு நாலு மாதம் ஆனது. ஒரு சொல், அடுத்த சொல் என்று தூக்கினேன். கண் எரியும், சொட்டு மருந்து போட்டுக்கொண்டு மறுபடி உட்காருவேன். இப்போது நான் வெளியிட்ட இசைத்தட்டில் அவன் பாடுவது ஒவ்வொரு எழுத்தும் கேட்கிறது. அதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள்.

உங்கள் அம்மா பேசியது முப்பத்தெட்டு விநாடி. மைக்குக்கு ஒரு முழம் தள்ளி இருந்திருக்கிறார். அந்த நாடாவிலேயே மிகத் தெளிவாக இருந்தது அவர் குரல்தான். கொஞ்சம் மூக்கால் பேசுகிற குரல். சிரித்து முடிக்கும்போது விக்கல் மாதிரி ஒரு சின்ன இழுப்பு. உங்களுக்கும் அது இருக்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றும்போது வழுக்கிச் சிரித்தீர்களே, அப்போது கவனித்தேன்.

முதலில் அவர் சொன்னது இது. “என்னங்க, பிள்ள உதைக்குது. அவன் ட்ரம் அடிக்க அடிக்க இதுவும் உதைக்குது. கைய வச்சுப் பாருங்களேன்.” உதைத்தது நீங்கள்தான்.

நிறுத்துகிறேன். மோனோரயில்.

சரி. இந்தக் காலத்து மென்பொருள், மீனிலிருந்து முள்ளை உருவுவது போலக் குரலை மட்டும் தனியாக உருவிவிடும். உருவியதை மட்டும் தனியே கேட்கவும் வழி இருக்கிறது. நான் கேட்டேன், மூன்று முறை. கைதட்டல் இல்லை, கூட்டம் இல்லை. உங்கள் அம்மா மட்டும், இந்த அறையில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. பிறகு அந்தக் கோப்பை அழித்தேன், முதலில் ஏற்றிய மூலப் பதிவிலும் அந்த முப்பத்தெட்டு விநாடியை வெட்டினேன். கணினியின் குப்பைத் தொட்டியையும் காலி செய்தேன். அந்த இடத்தில் குழிவிழாமல் இருக்க இரண்டாவது பாட்டின் கைதட்டலை எடுத்து ஒட்டினேன். ஒட்டுத் தெரியாது. தெரிந்தால் சொல்லுங்கள்.

வெளியீட்டு விழாவுக்கு நீங்களும் வந்தீர்கள். பங்சாரில், சனிக்கிழமை மத்தியானம், அறுபது நாற்காலி, அத்தனையும் நிறைந்துவிட்டது. உங்கள் அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, முடிக்குச் சாயம் அடித்துக்கொண்டு, கல்யாண வீட்டுக்கு வருகிறவர் மாதிரி முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். எதற்கு அந்தச் சாயம் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. இசைத்தட்டை ஓடவிட்டோம். நாலாவது பாட்டு முடிகிற நேரம் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் கையைப் பிடித்தார். கைதட்டல் கேட்டது. ஐந்தாவது பாட்டு ஆரம்பித்தது. அவர் கண்ணைத் திறக்கவே இல்லை. இன்னும் வரும் என்று காத்திருந்தார் போல. கடைசிப் பாட்டு முடிந்து எல்லோரும் எழுந்து என் கையைக் குலுக்கிக்கொண்டிருந்தபோது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

“தம்பி, கலா எங்க?”

பூஞ்சை என்றேன். சரியாக அந்த இடத்தைத்தான் தின்றுவிட்டது, துடைக்கத் துடைக்க நாடா உதிர்ந்துவிட்டது என்றேன். அவர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். “பரவால்ல தம்பி, நீங்க என்ன பண்ணுவீங்க. நான்தான் முன்னமே கொண்டாந்திருக்கணும்” என்றார். நல்ல மனிதர். நான் அவரைக் குறை சொல்லவே மாட்டேன்.

நீங்கள் அப்படி இல்லை. நான் திருப்பிக் கொடுத்த கேசட்டை எடுத்துக்கொண்டு போய்க் காஜாங்கில் ஒருவரிடம் காட்டினீர்கள். பூஞ்சை தின்றால் அங்கங்கே தின்னும், இது முதலிலிருந்து கடைசிவரை, இரண்டு பக்கமும், துணி துவைத்த மாதிரி வெறுமையாக இருக்கிறது என்று அவர் சொன்னார். சரியாகச் சொன்னார். வேலை தெரிந்தவர்.

ஆமாம், அழித்தது நான்தான். நாடா அழிப்பதற்கென்றே ஒரு காந்தம் இருக்கிறது, அதோ அந்த அலமாரியில், தேங்காய்மூடி அளவு. கேசட்டின்மேல் வட்டமாகச் சுற்றி, சுற்றியபடியே மெதுவாகத் தூக்க வேண்டும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம். அதன்மேல் கோபம் எல்லாம் இல்லை. வேலை முடிந்தால் மேசையைத் துடைப்போம் இல்லையா, அப்படி.

இந்தத் திதிக்கு அப்பா டின்னை எடுத்து வைக்கவில்லை, படையல் போட்டும் ஒரு வாய் சாப்பிடவில்லை என்று சொன்னீர்கள். கேட்க வருத்தமாகத்தான் இருந்தது. நான் கல் இல்லை. ஆனால் கணக்குப் பாருங்கள். ஒரு பக்கம் ஒரு குடும்பத்தின் முப்பத்தெட்டு விநாடி. மறுபக்கம் ஒரு சமூகத்தின் வரலாறு. நூறு வருஷம் கழித்துக் கேட்கப்போகிறவனுக்கு உங்கள் அம்மா யார்? இடையில் யாரோ பேசுகிற இரைச்சல். என் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள். துணிச்சல் இல்லாதவன் செய்யாமல் விட்டிருப்பான், அவ்வளவுதான்.

நீங்கள் படியேறி வந்ததும் முதலில் கேட்டது நியாயமான கேள்வி. “அப்பாக்கு மட்டும் அம்மா குரல தனியா ஒரு காப்பி எடுத்துக் குடுத்திருக்கலாமே அங்கிள்? இசைத்தட்டுல எங்களுக்கு வேணாம். எங்க வீட்டுக்கு மட்டும்.” கொடுத்திருக்கலாம். ஐந்து நிமிஷ வேலை. பிள்ளை உதைத்த பகுதியை மட்டுமாவது வெட்டிக் கொடுத்திருக்கலாம், அதுவும் முடியும். ஆனால் உங்கள் அப்பாவுக்கு மீதியும் இருந்தது ஞாபகம் இருக்கிறது. திட்டுவா, அப்புறம் சிரிப்பா என்றாரே. மீதியையும் கேட்பார். கேட்டுச் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு உங்கள் அத்தைக்கு அனுப்புவார், அத்தை வாட்ஸ்அப்பில் போடுவார், ஒரே வாரத்தில் சேகரிப்பாளர்கள் குழுவுக்கு வந்துவிடும். அங்கே நாற்பது பேர். அத்தனை பேரும் என்னை ஐயா என்று கூப்பிடுகிறவர்கள்.

இசைத்தட்டின் உறையைக் கொண்டு வந்திருக்கிறீர்கள்தானே? பின்பக்கம் திருப்புங்கள். கடைசி இரண்டு வரி. மீட்டெடுப்பு: முகுந்தன். அதற்கு மேலே, மண்டபத்தில் ஒலி: முகுந்தன். அன்று எனக்கிருந்த வேலை அதுதான். ஒலிமேசையில் உட்கார்ந்திருந்தது நான்.

பிள்ளை உதைத்த பிறகு உங்கள் அம்மா சொன்னதைச் சொல்கிறேன். இதை இனி என்னைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. “ஐயே, சவுண்டு பாக்குறது யாருங்க? அந்தப் பையன் பாடுறதுல ஒரு எழுத்துக்கூடக் கேக்கல. காது இல்லாதவன எதுக்குங்க அங்க உக்கார வச்சிருக்காங்க? போய்ச் சொல்லிட்டு வாங்க லா.” சொல்லிவிட்டுச் சிரித்தார். பக்கத்தில் இருந்த நாலைந்து பேரும் சேர்ந்து சிரித்தார்கள். அதுவும் தெளிவாகப் பதிவாகியிருந்தது.

இருபத்திரண்டு வயசுப் பையன், முதல் வேலை, யானைக்கும் அடி சறுக்கும் என்று உங்கள் அப்பா எனக்குச் சமாதானம் சொல்வார். தோளைத் தட்டிக்கொடுப்பார். எனக்கு அது வேண்டாம். எனக்குச் சறுக்கவில்லை.

போனை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். போலீசுக்குக் கொடுங்கள், குழுவில் போடுங்கள், உங்கள் இஷ்டம். உங்கள் அம்மா சொன்னது இப்போது உங்களிடம் இருக்கிறது, என் குரலில். அதற்குப் பிறகு நான் சொல்கிற இந்தக் கடைசி வரியையும் அதோடு வைத்திருங்கள், வெட்டாதீர்கள். அன்று அந்த மண்டபத்தில் சவுண்டு நன்றாகத்தான் இருந்தது.